உப்பு மூட்டைத் திருடன்

அத்தியாயம் 5

காலை ஒன்பதரை மணிக்குப் பேரங்காடியின் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது, கடையின் உரிமையாளர் பெரியக்கா. நாற்பது வருடமாக ஒரே நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவர். இரண்டாவது, அவருடைய உடன்பிறந்த தம்பி, பின்பக்கக் கிடங்கின் பொறுப்பாளர். மூன்றாவது, வேலைத்திறனைக் கூட்டித் தருவதற்காக மூன்று மாதமாக வந்துபோகும் ஆலோசகர். வாயைத் திறந்தால் நிமிடக் கணக்குதான் வரும் என்பதால் கடையில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். நான்காவது, துப்பறிய அழைக்கப்பட்ட தராசு. எடை அளவுத் துறையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவது, தராசின் அக்காள் மகளும் உதவியாளருமான ரேடியோ. பத்து வருடம் பில் கவுன்டரில் நின்ற அனுபவம் அவளுக்கு உண்டு. அணைக்கும் பித்தான் இல்லாததால் அந்தப் பெயர்.

வேறு யாரும் அங்கே இல்லை. நானும் இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை நம்ப வேண்டாம்.

மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது. கிடங்கில் ஆறு வாரமாகக் காணாமல் போன சரக்குக்குத் தானே பொறுப்பு என்றும், குடும்பத் தொழிலைவிட்டு விலகிக்கொள்வதாகவும் தம்பி ஒப்புக்கொள்ளும் காகிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பன்னிரண்டு மணிக்குப் பங்காளிகள் வருவார்கள். காகிதம் படிக்கப்படும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு திருடன் இருந்தான் என்பது நிலைத்துவிடும்.

"நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்கா. நடுவுல வெளி ஆளுங்க எதுக்கு?" என்றார் தம்பி.

"நம்ம வீட்ல திருடன் உண்டா இல்லையான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சப்புறம் நீ எங்க வேணா போ," என்றார் பெரியக்கா.

தராசு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரக்கு போனது எப்படித் தெரிஞ்சுது?"

நிமிஷம் துள்ளி எழுந்தார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலச் சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். "சார், மெயின் கிடங்குலேருந்து தினம் ஒரு லோடு வருது. சீட்டை ஸ்கேன் பண்ணின நிமிஷமே முன்னூறு பெட்டியும் சிஸ்டத்துல ஏறிடும். சிஸ்டப்படி பின்கிடங்குல கூரை இடிக்கற அளவுக்குச் சரக்கு இருக்கு. ஆனா நேர்ல போய்ப் பார்த்த ஆளுங்க சொல்றது..."

"பூனை படுத்திருக்காம்," என்றார் பெரியக்கா.

"சிஸ்டம் பொய் சொல்லாது, மேடம்."

"அதுக்கு வாய் இல்லையே," என்றாள் ரேடியோ. "இருந்தா அதுவும் கத்துக்கிட்டிருக்கும்."

நிமிஷம் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் திறமையை அளப்பவர்; பேச்சைக் கேட்பதற்கு அவரிடம் கருவி இல்லை. "நான் வர்றதுக்கு முன்னாடி ஒரு லாரி இறக்க நூத்திப் பத்து நிமிஷம். இப்போ எவ்வளவு தெரியுமா? பதினொண்ணு! பதினொண்ணே பதினொண்ணு!" என்று இரண்டு சுட்டு விரலையும் நிமிர்த்திக் காட்டினார். திரைக்குப் பக்கத்தில் தம்பியின் புகைப்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அடியில் 'அதிவேக இறக்கம்' என்று தங்க எழுத்து.

திருடன் என்ற சொல் வந்தபோதெல்லாம் தம்பி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். பதினொன்று என்று கேட்டதும் தலை தரையைப் பார்த்தது. தராசு அதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

காணாமல் போன சரக்கின் பட்டியலை ரேடியோ கையில் எடுத்தாள். "இருபத்தஞ்சு கிலோ உப்பு மூட்டை. சலவைத்தூள் மூட்டை. தண்ணி கேன். எண்ணெய் டின். சரி, சவரப் பிளேடு?"

"ஒண்ணுகூடக் குறையல," என்றார் பெரியக்கா.

"சென்ட் பாட்டில்? முகத்துக்குப் போடற கிரீம்?"

"அப்படியே இருக்கு."

"மாமா, இவ்வளவு உழைப்பாளியான திருடனை நான் பார்த்ததே இல்ல. பையில போட்டுட்டுப் போற பொருளையெல்லாம் விட்டுட்டு, இடுப்பு ஒடிய உப்பு மூட்டையைத் தூக்கிட்டுப் போயிருக்கான். இவனைப் பிடிச்சு உள்ள போடக் கூடாது. நம்ம நிமிஷம் சார்கிட்ட வேலைக்குச் சேர்த்துவிடணும்."

தராசு சிரிக்கவில்லை. அவர் சிரித்ததை அவர் மனைவியே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். ஆனால் கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டார். விஷயம் பிடிபடத் தொடங்கினால் அவருக்கு உட்கார முடியாது.

கீழே கடை சுறுசுறுப்பாக இருந்தது. பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லா வேலைக்காரர்களின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. எத்தனை அடி நடந்தார்கள் என்று அது எண்ணும். நடந்தால் பச்சை, நின்றால் சிவப்பு. எனவே எல்லோரும் நடந்தார்கள். ஒரு பெண் காலிப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி மூன்றாவது வரிசைக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"என்னம்மா கொண்டு போறே?" என்று தராசு கேட்டார்.

"பெட்டிங்க."

"உள்ள?"

"உள்ள ஒண்ணும் இல்லீங்க. கையை வீசிட்டு நடந்தா நல்லா இருக்காதுன்னு." சொல்லும்போதும் அவள் கால் நிற்கவில்லை.

உப்பு வைக்கும் தட்டு துடைத்துவிட்டது போல இருந்தது. அதன்முன் ஒரு நடுவயதுக்காரர் பில் போடும் பையனிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டத்துல இருக்கு சார்," என்றான் அவன்.

"எனக்கு அடுப்புல வேணும்ப்பா. சிஸ்டத்துலேருந்து ரெண்டு சிட்டிகை எடுத்துப் போட முடியுமா?"

"நம்ம காலத்துல கடையில பொருள் இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க," என்று ரேடியோ மாமாவின் காதைக் கடித்தாள். "இப்போ ஆளெல்லாம் ஓடுறாங்க, பொருள்தான் இல்ல. முன்னேற்றம்தானே மாமா?"

"வாயை மூடிக்கிட்டு வா."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பின்கட்டு முற்றத்துக்குப் போனபோது பத்து அடிக்க ஐந்து நிமிடம். லாரி வந்து முதுகைக் கிடங்கு வாசலோடு ஒட்டி நிற்கும். வாசலைச் சுற்றிக் கனத்த கறுப்புத் திரை தொங்கும். மழையும் தூசியும் உள்ளே வராமல் இருக்க. வெளியே நின்றால் லாரியின் பக்கவாட்டும் சக்கரமும்தான் தெரியும். தம்பி அவர்களுக்கு முன்பே இறங்கி வந்திருந்தார்.

"வேலை நேரத்துல வெளி ஆள் உள்ள நிக்கக் கூடாது. விதி," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"விதின்னா சரி," என்றார் தராசு. "நான் இங்கேயே நிக்கறேன்."

ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன மாமா, திரைக்குப் பின்னாடி கதை நடக்குது. நாம சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு பார்க்கறதா?"

"நீ நாடகம் பார்க்கறே. நான் எடை பார்க்கறேன்."

சரியாகப் பத்துக்கு லாரி வந்து நின்றது. தராசு நிதானமாகப் பின்சக்கரத்தருகே போனார். சக்கரத்துக்கும் அதன்மேல் கவிந்த தகரத்துக்கும் இடையே கையை நுழைத்தார். "நாலு விரல்," என்றார்.

உள்ளே காலடிகளும் பெட்டி விழும் ஓசையும் கேட்டன. யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். பதினொன்றாவது நிமிடம் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. மாடியில் நிமிஷத்தின் திரையில் பச்சை விளக்கு எரிந்திருக்க வேண்டும். மேலேயிருந்து அவர் கைதட்டுவது முற்றம் வரை கேட்டது. அவர் கீழே வந்து பார்ப்பதே இல்லை. நேரில் பார்த்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை.

தராசு மறுபடி கையை நுழைத்தார்.

"இப்போ எவ்வளவு?" என்றாள் ரேடியோ.

"நாலு விரலும் ஒரு நகமும்."

"அப்படின்னா?"

"முப்பது வருஷம் லாரியைத் தராசு மேல ஏத்தி இறக்கினவன் நான். முன்னூறு பெட்டி இறங்கியிருந்தா இந்த வண்டி எட்டு விரலுக்கு எழும்பியிருக்கணும். இது மூச்சுகூட விடல. ஸ்கூட்டரை எடு."

லாரி வெளியேறியது. ரேடியோவின் ஸ்கூட்டர் பின்தொடர்ந்தது. மாமா பின்னால் கைத்தடியைத் துப்பாக்கி போலப் பிடித்து உட்கார்ந்திருந்தார். சாலையில் முதல் வேகத்தடை வந்தது. லாரி அதன்மேல் பொத்தினாற்போல ஏறி, பொத்தினாற்போல இறங்கியது.

"கேட்டீங்களா?" என்று ரேடியோ தலையைத் திருப்பிக் கத்தினாள்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு. ஒண்ணும் கேக்கல."

"அதான் சொல்றேன்! காலி லாரின்னா தகரமெல்லாம் கடகடன்னு கச்சேரி வைக்கும். இது பெண் பார்க்க வந்தவங்க முன்னாடி காப்பி கொண்டு வர்ற பொண்ணு மாதிரி அடக்கமா போகுது!"

மூன்று தெரு தள்ளி, மூடிக்கிடந்த டயர் கடை ஒன்றின் நிழலில் லாரி நின்றது. டிரைவர் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைக் கோப்பை மின்னியது.

ரேடியோ கதவைத் தட்டினாள். "அண்ணே, உள்ள என்ன பாரம்?"

"காலி வண்டிம்மா."

"காலின்னா, தண்ணி கேன் ஒண்ணு எடுத்துக்கவா? தாகமா இருக்கு."

டிரைவர் கண்ணைத் திறந்தார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு கைத்தடியை, பிறகு அதைப் பிடித்திருந்தவரின் முகத்தை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு பொய் சொல்வது வீண்வேலை என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை. இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

வாசலருகே மட்டும் கொஞ்சம் வெற்றிடம். அதற்கு அப்பால் கூரை வரை சரக்கு. உப்பு, சலவைத்தூள், எண்ணெய், தண்ணீர். ரேடியோ ஏறிப்போய் ஓர் உப்பு மூட்டையின்மேல் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு முகம் வரைந்தாள். ஒட்டியிருந்த சீட்டில் ஆறு வாரத்துக்கு முந்திய தேதி.

"சொல்லுங்க," என்றார் தராசு.

"நான் ஓட்டறவன்யா. ஏத்தறதும் இறக்கறதும் என் வேலை இல்ல." டிரைவர் தலையைச் சொறிந்தார். "கைக்கு எட்டின லேசான பெட்டி நாப்பதை இறக்குவாங்க. சீட்டை டிங்குன்னு அடிப்பாங்க. பதினஞ்சு நிமிஷத்துல வண்டி கேட்டைத் தாண்டணும். இல்லேன்னா அதுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. சரின்னு மிச்சத்தோட மெயின் கிடங்குக்குப் போவேன்."

"அங்க கேக்க மாட்டாங்களா?" என்றாள் ரேடியோ.

"எங்க கேக்கறது? அவங்களுக்கும் ஏத்த பன்னெண்டு நிமிஷம்தான். எட்டிப் பார்ப்பாங்க. 'ஆகா, ஏத்தியே இருக்கே'ன்னு சந்தோஷமாயிடுவாங்க. லேசான பெட்டி நாப்பதை உள்ள தள்ளிட்டு, புதுச் சீட்டைக் கையில குடுத்துடுவாங்க. இங்க இறக்காததை அவங்க கேக்கல. அங்க ஏத்தாததை இவங்க கேக்கல. ஆறு வாரமா இந்த உப்புக்கு நான் ஊரைச் சுத்திக் காட்டறேன். என் பொண்டாட்டியைக்கூட இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனதில்ல."

"அப்போ தினமும் புதுசா வரவேண்டிய உப்பெல்லாம்?"

"அங்கேயே கிடக்கும். ஏத்தினாத்தானே வர்றதுக்கு?"

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் தராசு.

"பாரமா ஓட்டினியா, காலியா ஓட்டினியான்னு என்னை ஒருத்தர் கேக்கலீங்க. நேரத்துக்கு வந்தியான்னுதான் கேட்டாங்க. வந்தேன். கப்பு குடுத்தாங்க."

லாரி முற்றத்துக்குத் திரும்பியபோது பதினொன்றரை. பெரியக்கா கீழே இறங்கி வந்தார். அவர் பின்கட்டுக்கு வந்து பல வருடம் ஆகியிருந்ததால், நடந்துகொண்டிருந்த வேலைக்காரர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மணிக்கட்டுகளில் வரிசையாகச் சிவப்பு எரிந்தது. திறந்திருந்த லாரியை அவர் கண்ணிமைக்காமல் பார்த்தார். தராசு நடந்ததை எட்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். ரேடியோ சொல்லியிருந்தால் அது தனிப் புத்தகம்.

நிமிஷத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் எந்த நிலையிலும் இருப்பது அவர் வழக்கமல்ல. "மேடம்... இதையே வேற மாதிரி பார்த்தா... இது ஒரு நகரும் கிடங்கு! வாடகை இல்ல, காவல் இல்ல. புது முறைன்னு ஒரு அறிக்கை போட்டா..."

"நீங்க வாயைத் திறந்து பத்து நொடி ஆகுது சார்," என்றாள் ரேடியோ. "வீணாப் போன நேரம்னு குறிச்சுக்கோங்க."

பெரியக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் ஆறு வாரப் பாரம் இறங்கியிருந்தது. "அப்போ நீ எதையும் எடுக்கல."

"எடுக்கலன்னு இப்போ யார் சொன்னா?" மாடியிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தக் காகிதத்தைத் தம்பி சட்டைப்பையிலிருந்து எடுத்து லாரியின் விளிம்பில் விரித்தார். பேனாவைத் திறந்தார். "பங்காளிங்க வர்ற நேரம். நான் கையெழுத்துப் போடறேன். இவரு கண்டுபிடிச்சது இந்த முற்றத்தோட போகட்டும்."

ரேடியோவின் வாய் திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து தராசு கண்டிராத காட்சி.

"பைத்தியமாடா உனக்கு?" என்றார் பெரியக்கா. "திருடலேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் திருடன்னு எழுதிக் குடுக்கறேங்கறே?"

"திருடன்னா நாலு நாள் பேசுவாங்க. துணிச்சல்காரன்னு உள்ளுக்குள்ள ஒரு மரியாதைகூட இருக்கும். கையாலாகாதவன், கைதட்டலுக்காக டிங்குன்னு அடிச்சு ஏமாத்தினவன்னா? வாழ்நாள் பூரா சிரிப்பாங்கக்கா." பேனா முனையைக் காகிதத்தின்மேல் வைத்தபடியே சொன்னார். "நேரக் கணக்கு ஆரம்பிச்ச முதல் வாரம் ஒழுங்காத்தான் இறக்கினோம். நூத்திப் பத்து நிமிஷம். அன்னைக்கு நம்ம கடை வாசல் திரையில, அப்பா படத்துக்குக் கீழ, என் பேரு சிவப்புல ஓடிச்சு. வர்றவன் போறவனெல்லாம் படிச்சான். ஒரே ஒரு நாள்னுதான் சீட்டை முன்னாடியே அடிச்சேன். மறுநாள் எல்லாரும் கைதட்டினாங்க. கைதட்டினப்புறம் எப்படி நிறுத்தறது, சொல்லு?"

"மூட்டை இறக்கற இந்த நாலு பேர் வேலை போகக் கூடாதுன்னு செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதே," என்றார் பெரியக்கா.

"சொல்ல மாட்டேன்."

"உனக்கு அந்தப் போட்டோ பிடிச்சிருந்தது."

"பிடிச்சிருந்தது," என்றார் தம்பி.

தராசு தொண்டையைச் செருமினார். வழக்கை முடித்துவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு போவதுதான் அவர் பழக்கம். அன்று போகவில்லை. "அம்மா, ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அது உங்களுக்கு."

"கேளுங்க."

"நாலு ஆள். முன்னூறு பெட்டி. அதுல பாதி மூட்டை. பதினொரு நிமிஷத்துல இறங்காதுன்னு தெரிஞ்சுக்க நான் எதுக்கு? நீங்க இந்த முற்றத்துல நின்னு மூட்டை இறக்கினவங்கன்னு கேள்விப்பட்டேன்."

யாரும் அந்த அம்மாளிடம் அப்படிக் கேட்டதில்லை. நிமிஷம் ஓர் அடி பின்னால் போனார். பெரியக்காவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அடி விழும்போது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான்.

"இருபது வயசுலேருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் இறக்கினேன்," என்றார். "பதினொண்ணுன்னு முதல் நாள் கேட்டப்பவே தெரியும். ஆனா கேக்க நல்லா இருந்தது. வியாபாரிகள் சங்கத்துல மைக்கைப் பிடிச்சு அதைச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க." தம்பியைக் கைகாட்டினார். "இவனுக்கு ஒரு போட்டோ. எனக்கு ஒரு கூட்டம். அவ்வளவுதான் வித்தியாசம்."

மாடிப்படியில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. பங்காளிகள் வந்துவிட்டார்கள்.

பெரியக்கா தம்பியின் கையிலிருந்த பேனாவை வாங்கினார். காகிதத்தை வாங்கவில்லை, அதை உப்பு மூட்டையின்மேல் கவிழ்த்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினார். எழுதி முடித்து அவரிடம் நீட்டினார். தம்பி படித்தார். முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, இதைப் படிச்சா சங்கத்துல உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"நல்லாச் சிரிக்கட்டும். படி ஏறு."

இருவரும் மேலே போனார்கள். ஒருவருக்கு ஒருவர் இரண்டு படி இடைவெளி விட்டு, ஆனால் ஒரே வேகத்தில்.

"மாமா, என்ன எழுதினாங்க?" என்று ரேடியோ கிசுகிசுத்தாள்.

"எடை சரியா இருந்துது," என்றார் தராசு.

கடைத்தெருவில் இன்னமும் ஒரு பேச்சு நடமாடுகிறது. தம்பி ஆறு வாரச் சரக்கையும் விற்றுத் தின்றார், அக்கா குடும்ப மானத்துக்காக அதை மூடி மறைத்தார், அன்று பங்காளிகள் முன்னால் படிக்கப்பட்டது பொய்க் காகிதம் என்று. தவறு. அந்தக் குடும்பத்தில் திருடன் கிடையாது. தம்பி ஓர் உப்புப் பொட்டலம்கூட எடுத்தவரல்ல. இன்றும் அதே கிடங்கைத்தான் பார்க்கிறார். அன்று படிக்கப்பட்டது இரண்டே வரி: 'எங்கள் சரக்கு எதுவும் களவு போகவில்லை. எங்கள் லாரியை இறக்க நூற்றிப் பத்து நிமிடம் ஆகும்.' கீழே கையெழுத்து இரண்டு.